விருப்பு யாருடையது?

பெண்ணின் காதலும் வேட்கையும் அவளுடைய உள்ளத்திலிருந்து எழுகின்றனவா, அன்றி அவளுடைய குருதியில் ஓடும் ஓமோன்களிலிருந்து எழுகின்றனவா என்ற வினா இன்று அடிக்கடி கேட்கப்படுகின்றது. இதனை வெறும் உடற்றொழிலியல் வினாவாகக் கொள்ளுதல் பொருந்தாது. விருப்பு ஓமோனின் வேலையே என்று முடிவுகட்டிவிட்டால், ஒரு பெண் கூறும் இசைவுக்கும் மறுப்புக்கும் என்ன மதிப்பு என்ற ஒழுக்கவியல் வினா உடனே பிறந்துவிடுகின்றது.

விஞ்ஞான நோக்குடையோர் உடலை மறுக்க வேண்டியதில்லை. 2013இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பாபரா வளாகத்தில் நடந்த ஆய்வொன்று வெளியாயிற்று. மாணவியரின் உமிழ்நீரை நாள்தோறும் சோதித்த அவ்வாய்வின்படி, எஸ்திரடையோல் உயர்ந்ததை ஒட்டி வேட்கை மிகுந்தது. புரொஜெஸ்தரோன் உயர்ந்தபோது அது தணிந்தது. வேட்கையின் ஊற்று எனப் பலர் நம்பிய தெஸ்தொஸ்தரோனின் ஏற்றத்தாழ்வோ அதனோடு பொருந்தி வரவில்லை.

ஆயின், வேட்கை மிகுவது வேறு. அது எவரை நாடுகின்றது என்பது வேறு. கருத்தரிக்கக்கூடிய நாட்களில் பெண்கள் ஆண்மை மிக்க முகங்களை விரும்புகின்றனர் என்னும் ஆய்வொன்று 1999இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. 2018இல் கிளாஸ்கோ ஆய்வாளர் 584 பெண்களிடம் இதனைச் சோதித்தபோது, ஓமோன் மாற்றத்தோடு அவ்விருப்பமும் மாறுகின்றது என்பதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. முதற் செய்தியைப் பரப்பிய பத்திரிகைகளுட் பல இரண்டாவதைக் கண்டுகொள்ளவில்லை.

இங்கேதான் சமுதாயத்தின் இரட்டை அளவுகோல் வெளிப்படுகின்றது. ஆண் அத்துமீறினால் அவனுடைய ஓமோன் அவனுக்கு மன்னிப்பு வாங்கித் தருகின்றது. பெண் கோபித்தாலோ, விரும்பினாலோ, விலகினாலோ, அவளுடைய ஓமோன் அவளுடைய பேச்சின் மதிப்பைக் கெடுக்கின்றது. ஒரே இரசாயனவியல், ஒருவருக்கு உரிமைச் சீட்டாகவும் மற்றவருக்குத் தகுதியின்மைச் சான்றாகவும் ஆகிவிடுகின்றது!

வர்த்தகமும் வாளாவிருக்கவில்லை. பெண்ணின் வேட்கைக் குறைவுக்கென உருவான பிளிபான்செரின் என்ற மாத்திரை ஓமோன் அன்று. மூளையின் இரசாயனங்களில் வேலை செய்வது. 2010இலும் 2013இலும் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அதனை ஏற்க மறுத்தது, 2015இல் அனுமதித்தது. போலி மாத்திரை உண்டோரைவிட, இதனை உண்டோர் பெற்ற பயன் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நிறைவான உறவுக்கு மேற்படவில்லை. எனினும், அனுமதி கிடைத்த சில நாட்களுக்குள் அதனைத் தயாரித்த கம்பனி ஏறத்தாழ நூறு கோடி டொலருக்கு விலைபோயிற்று.

பகலெல்லாம் வேலைத்தலத்திலும் இரவெல்லாம் அடுக்களையிலும் உழைத்துக் களைத்தவள், கணவனின் கைக்கு அஞ்சுபவள், அடுத்த குழந்தையை எண்ணிக் கலங்குபவள் ஆகியோரின் வேட்கை ஏன் குன்றுகின்றது என்று அறிய உமிழ்நீரை மட்டும் சோதித்தாற் போதாது. ஓய்வு, அச்சமின்மை, சமத்துவம் ஆகியவற்றை மாத்திரையாக்கி விற்க முடியாது. ஆகவே அவை பற்றிய விளம்பரமும் இல்லை.

உடலே எல்லாம் என்பது யாந்திரிகப் பொருள்முதல்வாதம். உடல் ஒன்றுமே இல்லை என்பது வெறுங் கருத்துமுதல்வாதம். பசி வயிற்றிலே பிறக்கின்றது. அதனால், கூலியுயர்வு கேட்கும் தொழிலாளியின் கோரிக்கை அவனுடையதன்று, அவன் இரைப்பையினுடையது என்று நாம் கூறுவோமா? கூறமாட்டோம். பசி உடலினது, அதனை உணர்ந்து, சிந்தித்து, கோரிக்கையாக்குபவன் மனிதன். வேட்கையும் இத்தகையதே. ஓமோன் அதனை மிகுவிக்கலாம், குறைக்கலாம். அதனை ஏற்பதும், ஒத்திவைப்பதும், ஒருவரைத் தேர்வதும், மறுப்பதும் அப்பெண்ணின் செயல்.

வகுப்பறையில் ஓமோன்களைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். காரணத்தை அறிதல் என்பது உரிமையைப் பறித்தல் அன்று. தன் உடலின் போக்கை அறிந்த பெண், தன் ‘இல்லை’ என்ற சொல்லை மேலும் உறுதியோடு கூறவும், தன் ‘ஆம்’ என்ற சொல்லை நாணமின்றிக் கூறவும் வல்லவளாவாள்.