சாவி என்னிடம் இருக்கிறது

சாயங்காலம் ஐந்து மணியானால் அம்மா சேலையைத் திருத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். "வீட்டுக்குப் போவணும்." இதுதானேம்மா வீடு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டாள். கதவு பூட்டியிருக்கும். போன மாதம் ஒருநாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருப்பிய. கதவத் தொறந்து விடுங்க."

பெண்களைப் பூட்டிவைக்கும் வீடுகளைப் பற்றி இருபது வருடமாக எழுதுகிறேன், வகுப்பில் பேசுகிறேன். இப்போது சாவி என்னிடம் இருக்கிறது.

பூட்டுக்குக் காரணம் உண்டு. நோய் தொடங்கிய வருடம் செருப்பில்லாமல் கிளம்பிப் போனவளைக் குறுக்குத்துறைப் படித்துறையில், தண்ணீரில் கால் வைத்தபடி கண்டுபிடித்தோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்குள்ள முருகன் கோவிலையே மூழ்கடித்த ஆறு அது.

அம்மா கேட்கும் வீடு சேரன்மாதேவியில் இருந்தது. மாமாக்கள் தொண்ணூறுகளில் விற்றுவிட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் திருத்தியபோது, அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை அது விட்டுவிட்டது. அம்மாவுக்கு 1974இல் கல்யாணம். பிறகு அப்பா வீடு, தம்பி வீடு, இப்போது என் வீடு. 'வீட்டுக்குப் போவணும்' என்பது மறதிநோயின் அறிகுறி என்கிறார் மருத்துவர். இருக்கலாம். ஆனால் நோய் வருவதற்கு முன்னும் சண்டை வந்த இரவுகளில் அவள் இதைச் சொல்லி அழுததுண்டு. அப்போது யாரும் அதை நோய் என்று சொல்லவில்லை.

அவளுடைய பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். விடைத்தாள் திருத்த உட்காரும்போதும் பூட்டுகிறேனே, அது யாருக்காக? வாசலில் இன்னொரு ஆள் இருந்தால் பூட்டே வேண்டாம். அந்த ஆள் இல்லாத இடத்தில்தான் பூட்டு தொங்குகிறது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைகளிடம் வாங்கித்தர முடிகிற தொகையை மாதம் 10,000 ரூபாய்க்குள் நிறுத்துகிறது. ஐந்து மணிக்கு யார் கூட நடப்பது என்பது அதில் வராது. சென்னையிலிருந்து தம்பி பணம் தவறாமல் அனுப்புகிறான். "கதவப் பூட்டிட்டுத்தானக்கா போற?" என்றும் தவறாமல் கேட்கிறான்.

நான் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருகிறார். அவர் வீட்டில் மாமியாருக்கும் இதே நோய். "என்ன செய்ய டீச்சர், பூட்டிட்டுத்தான் வாரேன்" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கொடுக்கும் சம்பளத்தில் இன்னொரு கிழவியின் பூட்டும் சேர்ந்திருக்கிறது.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் சுமார் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாகவும், ஆண்களைவிடப் பெண்களிடம் அது அதிகம் என்றும் 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். பூட்டுவதும் பூட்டப்படுவதும் நாங்களே என்றால், குற்ற உணர்ச்சியும் எங்களுக்குள்ளேயே முடிந்துபோகிறது. வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடக்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை. தம்பியிடம், பணம் வேண்டாம், மாதம் பத்து நாள் வந்து இரு என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். அவன் யோசிக்கும்வரை பூட்டு இருக்கும். அதற்கு அன்பு என்று மட்டும் நான் பெயர் வைக்க மாட்டேன்.