துணைக்கருவியும் துணைக்காரணமும்

ஒரு வீடியோ கேம் கன்சோல் நன்றாக விற்கிறது; அதனோடு ஒரு துணைக்கருவியும் வெளிவந்திருக்கிறது. கருவியால்தான் கன்சோல் விற்றதா? விற்பனைக் கணக்கால் மட்டும் இதற்கு விடை சொல்ல முடியாது; எது எதற்குக் காரணம் என்ற தத்துவ விசாரணை இதில் இருக்கிறது. சைவ சித்தாந்தம் குடத்தை வைத்துக் காரணத்தைப் பிரிக்கும்: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். நியாய தருக்க மரபினரான நையாயிகர் இன்னொன்றையும் சேர்ப்பர்: மண் சுமந்து வந்த கழுதையும் குடத்துக்கு முன்பே இருந்தது, ஆனாலும் அது காரணம் ஆகாது. துணைக்கருவி சக்கரமா, கழுதையா?

1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தபின் கடைக்காரர்கள் அந்தச் சரக்கைத் தொடவே தயங்கினார்கள். 1985-இல் அங்கே நுழைந்த நின்டெண்டோ, என்இஎஸ் கன்சோலுடன் ஆர்.ஓ.பி. என்ற சிறு ரோபோவையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றது. டிவியைப் பார்த்து நிற்கும் அந்த ரோபோ, திரையின் மினுக்கலைக் கண்ணால் வாங்கி, மெதுவாகத் திரும்பி, சுழலும் பம்பரத்தை எடுத்துப் பொத்தான் தட்டில் வைக்கும். உடனே கேமுக்குள் ஒரு தடை விலகும். அதற்கென வந்த கேம்கள் இரண்டே. வீடுகளில் கன்சோலை நிலைக்கச் செய்தவை ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ போன்ற கேம்கள்தாம். ஆனால் ரோபோவைக் காட்டி, கன்சோலைப் பொம்மைகளின் வரிசையில் வைக்கச் சொல்ல முடிந்தது. வாங்குபவரிடம் எடுபடாதது கடைக்காரரிடம் எடுபட்டது. அதைக் கழுதை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

காரணத்தைச் சோதிக்கத் தருக்க நூலார் காட்டும் வழிகள் இரண்டு. ஒன்று இருக்க மற்றது உண்டாவது அந்நுவயம். அது நீங்க இதுவும் நீங்குவது வெதிரேகம். எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்காக, உடலசைவை உணரும் மைக்ரோசாஃப்டின் துணைக்கருவியான கினெக்ட் 2010 நவம்பரில் வந்து, முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. அந்நுவயம் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் ஏற்கெனவே அந்தக் கன்சோலை வைத்திருந்தவர்கள் வாங்கியதும் இதில் அடக்கம். 2013-இல் அடுத்த கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன், கினெக்டைக் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலருக்கு வந்தது. போட்டியாளரான பிளேஸ்டேஷன் 4-இன் விலை 399. மறு ஆண்டு ஜூனில் கினெக்ட் இல்லாமல் 399 டாலருக்கு விற்றபோது, அமெரிக்காவில் அம்மாத விற்பனை மே மாதத்தைவிட இரு மடங்குக்கு மேல் உயர்ந்ததாக நிறுவனமே அறிவித்தது. கருவி நீங்கியதும் விற்பனை கூடியது, வெதிரேகம் தலைகீழாயிற்று. இதை வைத்துக் கருவியே தடை என்று தீர்ப்பதும் அவசரம்தான். அதோடு 100 டாலரும் சேர்ந்தே நீங்கியது. இரண்டு ஒருங்கே விலகும்போது, பலன் எதனால் வந்தது என்று இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது.

நின்டெண்டோவின் ‘வீ ஃபிட்’ வேறு வகை. ஏறி நிற்பவரின் எடையையும் சமநிலையையும் அளக்கும் பலகையோடு 2007-இல் ஜப்பானில் வந்து, உலகெங்கும் 2 கோடிக்கு மேல் விற்றது. அங்கே பலகையையும் கேமையும் பிரிக்க முடியாது. கருவி முதற்காரணத்தோடு ஒட்டிவிட்டது.

துணைக்கருவி பலன் தராமல் போனதும் உண்டு. செகா நிறுவனம் 1994 நவம்பரில் தன் பழைய கன்சோலுக்கு வலுவூட்ட 32எக்ஸ் என்ற இணைப்பைக் கொண்டுவந்தது. அதே மாதம் ஜப்பானில் அந்நிறுவனத்தின் புதிய கன்சோலான சாட்டர்னும் வெளிவந்தது. கேம் உருவாக்குவோர் புதியதன் பக்கம் போனார்கள். 32எக்ஸுக்கு கேம்கள் போதிய அளவில் வரவில்லை. 1996-இல் அது கைவிடப்பட்டது.