எல்லை விரதமும் கைப்பேசியும்



இல்லறத்தார்க்கு உரைக்கப்பட்ட பன்னிரு விரதங்களுள் திசை விரதமும் ஒன்று. 'இந்த எல்லைக்கு அப்பால் வாழ்நாள் முழுதும் செல்லேன்' என்று பத்துத் திசைகளையும் வரையறுத்துக்கொள்வது அது. எல்லையை எதனால் குறிப்பது? யாவரும் அறிந்த கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை அளவு ஆகியவற்றால் குறிக்கலாம் என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துள்ளார். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பை நம் இல்லங்களில் அறியாதார் இலர்.

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டை மலைமீது, அப்பாண்டைநாதர் திருமுன் நின்று ஓர் இல்லறத்தார் இவ்விரதத்தை ஏற்பதாகக் கொள்வோம். மேற்கே கல்வராயன் மலை, கிழக்கே கடல், வடக்கே தென்பெண்ணை, தெற்கே வெள்ளாறு. கள்ளக்குறிச்சிச் சீமையின் பெரும்பகுதியும், கல்வராயனில் பிறந்து கீழிறங்கும் கோமுகியும் மணிமுத்தாறும் பாயும் கழனிகளும் அதனுள் அடங்கிவிடும். ஒருவர் வாழ்வதற்கு இவ்வளவு இடம் போதாதா?

இவ்வாறு எல்லை கட்டுவதன் பயன் யாது? எல்லைக்கு உள்ளே அவர் உழுகிறார், வாணிகம் செய்கிறார், சிற்றுயிர்க்கு ஊறு நேர்கிறது. அங்கே அவருடைய விரதம் அணுவிரதமே. எல்லைக்கு அப்பாலோ அவரால் எவ்வுயிர்க்கும் துன்பமில்லை, எப்பொருள்மீதும் நாட்டமில்லை. ஆகவே அப்பகுதியைப் பொறுத்தவரை அவருடைய அணுவிரதங்கள் மாவிரதத்தின் நிலையை எய்துகின்றன என்பார் ஆசாரியர். மனைவி மக்களோடு வாழும் ஒருவர், கல்வராயன் மலைக்கு அப்பாலுள்ள உயிர்கள் அனைத்திற்கும் ஒரு முனிவருக்கு ஒப்பாகிவிடுகிறார். இல்லறத்தாருக்கு இதனினும் எளிய வழி ஏது?

திசை விரதத்தின் எல்லையை நாள்தோறும் மேலும் சுருக்கிக்கொள்வது தேசாவகாசிகம். இன்று இந்த வீடு வரை, இந்த வயல் வரை, இவ்வூர் வரை என்று காலவரையோடு கொள்ளப்படுவது. இதற்கு நேரும் ஐந்து குற்றங்களை உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணுகிறார். நம் இளைஞர்கள் இவற்றை ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். எல்லைக்கு வெளியிலுள்ள பொருளை வருவித்துக்கொள்ளுதல் முதற்குற்றம். தான் செல்லாமல் ஏவலாளை அனுப்புதல் இரண்டாவது. குரல் கொடுத்து வெளியிலிருப்பவரை அழைத்தல் மூன்றாவது. தன் உருவத்தைக் காட்டிக் குறிப்புணர்த்துதல் நான்காவது. கல்லையோ மண்கட்டியையோ எறிந்து பிறர் கவனத்தை ஈர்த்தல் ஐந்தாவது.

இவற்றை எழுதிய ஆசாரியர் கைப்பேசியைக் கண்டவரல்லர். ஆயினும் அதன் தொழில்கள் யாவும் இவ்வைந்தனுள் அடங்கிவிட்டன. இருந்த இடத்திலிருந்தே பொருளை வருவிக்கிறோம், இருசக்கர வண்டியில் ஓர் இளைஞர் வெயிலிலும் மழையிலும் அதனைச் சுமந்து வருகிறார், நம் குரல் செல்கிறது, உருவம் செல்கிறது, எவர் தலையில் விழும் என்று எண்ணாமல் செய்தியை எறிகிறோம். உடல் எல்லைக்குள் அமர்ந்திருக்க, உள்ளம் மலையைத் தாண்டிவிடுகிறது. 'நான் எங்கும் போகவில்லையே' என்னும் விடையை நம் ஆசாரியர்கள் அன்றே ஏற்றுக்கொள்ளவில்லை.

எறிந்த செய்தி எங்கே விழும் என்பதற்கு நம் மாவட்டமே சான்றாயிற்று. 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி மாணவி உயிரிழந்தார். பெற்ற தாயின் துயரம் அளவிடற்கரியது. நீதி கேட்கும் அவரது உரிமையைக் குறித்து நாம் ஏதும் கூற வரவில்லை. ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை நடந்ததோ வேறு. பல ஊர்களிலிருந்து திரண்ட பெருங்கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பேருந்துகள் எரிக்கப்பட்டன, காவலர்கள் காயமுற்றனர், மேசை நாற்காலிகள் தூக்கிச் செல்லப்பட்டன, அங்குப் பயின்ற மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் தீக்கிரையாயின. வாட்சப் குழுக்களின் வழியே ஆள் திரட்டப்பட்டதாகக் காவல் துறை தெரிவித்தது. நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், குழுக்களை நடத்தியோரும் அவர்களுள் இருந்தனர்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து சேரும் என்பது நம் சமயத்தின் அடிப்படை. தீயிட்டவரைச் சட்டம் தேடும். தூண்டியவரையும் ஒரோவழி தேடும். உடன்பட்டவரைத் தேடி எந்தக் காவலரும் வாரார். வந்த செய்தியை மெய்யா பொய்யா என்று ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்பியவரும், கட்டைவிரல் உயர்த்திய சிறுபடத்தை அழுத்தியவரும் அன்றிரவு தம் வீட்டில் அமைதியாகவே உறங்கியிருப்பர். அனர்த்ததண்டம் என்னும் பயனில் தீங்கின் ஐவகையுள் துச்சுருதி என்பது ஒன்று. மனத்தைக் கலக்கும் தீயுரைகளைக் கேட்டல் என்பது அதன் பொருள். கேட்பதே குற்றமாயின் அதனைப் பரப்புவதை என்னென்பது!

இத்தகைய செய்தி ஆரவாரத்தோடு வருகிறது. விளம்பரமோ ஓசையின்றி நுழைகிறது. 1983இல் கடலூரில் தொடங்கப்பெற்ற சிக் ஷாம்பு சிறு பொதிகளில் அடைக்கப்பட்டுச் சிற்றூர்களை அடைந்ததை நம் முதியோர் நினைவுகூர்வர். சீயக்காயும் அரப்பும் இருந்த மாடங்களில் அது இடம்பெற்றது. தலைக்குக் குளிப்பதில் பாவம் ஒன்றுமில்லை. அதனைக் குறைகூறவும் நாம் இதனை எழுதவில்லை. அக்கால விளம்பரத்திற்கும் ஓர் எல்லை இருந்தது என்பதைச் சுட்டவே கூறினோம். சுவரில் எழுதியது சுவரோடு நின்றது. வானொலியில் வந்தது கேட்டவர் அனைவர்க்கும் ஒன்றையே சொன்னது. நாம் யார், எதற்கு ஏங்குகிறோம் என்பதை அது அறியாது. இன்றைய விளம்பரம் நம்மை வேவு பார்த்த பின்னரே வாய் திறக்கிறது. நேற்று எந்தப் படத்தின்மேல் நம் விரல் தயங்கி நின்றது என்று கணக்கிட்டு, இன்று அதனையே முன்னிறுத்துகிறது. மகளுக்கு வரன் தேடும் தாய்க்கு நகை. தேர்வில் தோற்று வாடும் பிள்ளைக்கு விளையாட்டு. கடன்பட்டவர்க்கு மேலும் கடன். பெரிய சமூக ஊடக நிறுவனங்களின் வருவாய் பெரும்பாலும் விளம்பரத்தினின்றே வருவதால், நம்மைத் திரைமுன் நிறுத்திவைப்பதே அவற்றின் தொழிலாகிவிட்டது. உருட்ட உருட்ட முடிவின்றி வந்துகொண்டிருக்கும் திரையமைப்பை 2006இல் வடிவமைத்த அசா ரஸ்கின் என்பாரே பின்னாளில் அதற்காக வருந்திப் பேசினார்.

பொருளின்மேல் கொள்ளும் மயக்கமே பற்று என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் கூறுகிறது. ஆதலின் வாங்காத பொருளும் ஒருவர்க்கு உடைமையாகலாம். கடைத்திரையின் கூடையில் பண்டங்களை ஒவ்வொன்றாக இட்டு, நள்ளிரவு வரை அவற்றைப் பார்த்திருந்து, பணம் கட்டாமல் உறங்கிவிடும் இளைஞன் வீட்டில் ஒரு துரும்பும் சேரவில்லை. வினை மட்டும் சேர்ந்தது. இதிலும் கொடியது சூது. நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் விளம்பரம் செய்து வந்த பணவிளையாட்டுகளை இணையத்தில் நடத்தக் கூடாதென்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஏழு விசனங்களுள் முதலாவதாகச் சூதினை வைத்த சமயத்தில் பிறந்தோர் அச்சட்டத்திற்காகக் காத்திருக்க வேண்டியிருந்ததா என்பதை அவரவர் எண்ணிக்கொள்ளட்டும்.

கருவியையே வெறுத்து ஒதுக்குக என்று நாம் கூறவில்லை. 2020இலும் 2021இலும் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமே கைப்பேசி வழியாக நடந்தது. சிக்னல் எட்டாத மலையூர்ச் சிறார்க்கு அந்நாளில் நேர்ந்தது பேரிழப்பு. அவர்கள் இல்லாமையால் இழந்தனர். சமவெளியில் நாமோ அளவின்மையால் இழக்கிறோம்.

அளவுக்கு வழி நம் நூலிலேயே உள்ளது. ஒருமுறை துய்க்கும் உணவு, பூ முதலியன போகம். மீண்டும் மீண்டும் துய்க்கும் ஆடை, அணி முதலியன உபபோகம். கைப்பேசி இரண்டாம் வகை. இவற்றை வரையறுக்கும் விரதத்தில் வாழ்நாள் முழுதும் துறப்பதை யமம் என்றும், காலவரையோடு துறப்பதை நியமம் என்றும் சமந்தபத்திரர் பிரிக்கிறார். இன்று, ஒரு பகல், ஓர் இரவு, அரைத்திங்கள், ஒரு திங்கள், ஒரு பருவம், அரையாண்டு என்று காலத்தையும் அவரே படிப்படியாக எண்ணித் தருகிறார். கைப்பேசிக்கு யமம் இக்கால இல்லறத்தார்க்கு அரிது. நியமம் இயலும்.

இயலும் என்பதற்குச் சான்றும் உண்டு. மராட்டிய மாநிலம் சாங்கலி மாவட்டத்து மோகித்யாஞ்சே வட்காவ் என்னும் சிற்றூரார் 2022 ஆகஸ்டில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினர். மாலை 7 மணிக்குக் கோயிலில் சைரன் ஒலித்ததும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைக்கப்படும், 8.30 மணிக்கு அது மீண்டும் ஒலிக்கும்வரை பிள்ளைகள் படிப்பர். அவ்வாண்டுப் பர்யூஷணப் பருவத்தில் மத்தியப் பிரதேசத்துப் பேகம்கஞ்சில் நம் சமயத்தார் பலர் ஒரு நாள் முழுதும் கைப்பேசியைத் துறந்திருந்தனர். 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடைவிதித்தது. அரசு விதிக்கும் தடையைவிடத் தானே ஏற்கும் நியமம் உயர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நம் இல்லங்களுக்கு இதில் தனியானதொரு வாய்ப்பு இருக்கிறது. கதிர் மறையுமுன் உண்டு முடிப்பவர் நாம். பிற வீடுகளில் அடுப்படியில் கழியும் மாலைப்பொழுது நமக்கு ஓய்வாக எஞ்சுகிறது. சாமாயிகத்திற்கும் நூல் ஓதுதற்கும் முன்னோர் வைத்திருந்த அப்பொழுதையே இன்று திரை எடுத்துக்கொண்டது. இரவு பத்து மணிக்கு உணவுப் படங்களைக் காட்டுவதும் அதுவே. அட்டமி, சதுர்த்தசி நாள்களில் தொடங்கலாம். மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பு, வெளியூரில் தங்கிப் பயிலும் பிள்ளையின் அழைப்பு என விலக்குகளை நியமம் ஏற்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மனத்துக்குள் வைத்த விலக்கு நாளடைவில் வளர்ந்துகொண்டே போகும். பிள்ளைகளிடமிருந்து வாங்கிப் பூட்டுவதற்குமுன் பெரியோர் தம்முடையதை வைக்க வேண்டும். பங்குச்சந்தை நிலவரமும், உறவினர் குழுவில் வரும் வாழ்த்துப் படங்களும் விலக்கில் சேரா.

வருகிற சதுர்த்தசியன்று கதிர் மறைந்தது முதல் மறுநாள் காலைப் பூசை முடியும்வரை என்று ஒரு வரிச் சங்கற்பம் போதும். கருவிகளை வைக்கும் இடம் தெருக்கதவை ஒட்டிய மாடமாக இருக்கட்டும், படுக்கையறை வேண்டா.