உண்டியலும் மேற்கோளும்

ரேணிகுண்டா சந்திப்பிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில் முதலில் ஏர்ப்பேடு வருகிறது, பிறகு காளத்தி. ஏர்ப்பேட்டை ஒட்டி, 2015-இல் தொடங்கிய திருப்பதி ஐஐடியும் ஐசரும் இருக்கின்றன. காளத்தியில் கண்ணப்பர். ரேணிகுண்டாவுக்கு மறுபக்கம் திருமலை. நேற்று தரிசனம் செய்தவர்கள் இத்தனை ஆயிரம், முடிகாணிக்கை செலுத்தியவர்கள் இத்தனை ஆயிரம், உண்டியல் வசூல் இத்தனை கோடி என்று தேவஸ்தானம் நாள்தோறும் அறிவிக்கிறது. அந்தக் கணக்கு தேவையானது. இல்லாவிட்டால் அன்னதானமும் வரிசையும் நடக்காது. ஆனால் நேற்றைய பக்தி இத்தனை கோடி என்று யாரும் அதைப் படிப்பதில்லை. இந்த எளிய விவேகம் அறிவுத் துறையில் மட்டும் ஏன் தவறிப்போகிறது என்பதே கேள்வி.

ஒரு கோட்பாட்டு இயற்பியலாளரின் தகுதியை இன்று இரண்டு எண்கள் சொல்லிவிடுகின்றன: எத்தனை கட்டுரைகள், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள். இரண்டையும் ஒன்றாக்கி ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் எச்-குறியீட்டை முன்வைத்தார். தலா இருபது முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட இருபது கட்டுரைகள் இருந்தால் குறியீடு 20. இதன்படி ஒரே கட்டுரை எழுதி அது பத்தாயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும் குறியீடு 1-தான். இன்னொரு பக்கம், ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-இல் வந்த ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். அதன் மேற்கோள்கள் அத்தனை பேர் கணக்கிலும் ஏறும். தாளும் பேனாவுமாகத் தனியே உட்கார்ந்திருப்பவரை இதே தராசில் நிறுத்துகிறோம்.

ஹிர்ஷ் குறியீட்டை முன்வைத்த அதே 2005-இல் கொல்கத்தாவில் மறைந்தவர் கோட்பாட்டு இயற்பியலாளர் அமல் குமார் ராய்சௌதுரி. ஈர்ப்பினால் பொருள்களின் பாதைகள் எப்படி ஒன்றையொன்று நோக்கிக் குவிகின்றன என்பதைச் சொல்லும் சமன்பாட்டை அவர் 1955-இல் ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழில் வெளியிட்டார். அவர் வேலை பார்த்த நிறுவனம் விரும்பியதோ உலோகங்களின் பண்புகள் பற்றிய ஆய்வை. பத்தாண்டு கழித்து, 1965 முதல், பென்ரோஸும் ஹாக்கிங்கும் கருந்துளை, பிரபஞ்சத் தொடக்கம் பற்றிய தேற்றங்களை நிறுவியபோது அந்தச் சமன்பாடு அவற்றின் அடித்தளமாக நின்றது.

‘கடைசியில் மேற்கோள்தானே அவரை அடையாளம் காட்டியது? எண்ணிக்கை தாமதிக்கலாம், தவறாது’ என்று ஒருவர் மறுக்கலாம். பாதி உண்மை. அவர் பெருமையை நாம் அறிய மேற்கோள்கள் உதவின. அந்தப் பெருமையை அவை உண்டாக்கவில்லை. 1955-இல் சரியாக இருந்த சமன்பாடு 1970-இல் கூடுதல் சரியாகிவிடவில்லை. வேலை கொடுப்பதா, உயர்வு கொடுப்பதா என்ற முடிவோ 1955-இலேயே எடுக்கப்படுகிறது. பதினைந்து ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் சாட்சி அந்த மேசைக்கு வருவதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வுக்குக் கணக்கு வேண்டாமா? எண்களை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் சாதியும் சிபாரிசும் வந்து உட்காராதா? உட்காரும். சிற்றூரிலிருந்து யாருடைய பரிந்துரையும் இல்லாமல் வருபவருக்கு மேற்கோள் பட்டியல் ஒரு கவசம். யாரும் எடுத்தாளாத கட்டுரைகளில் பெரும்பாலானவை எடுத்தாளத் தேவையில்லாதவையே என்பதும் உண்மை. ஆகவே எண்ணை ஒழிக்க வேண்டியதில்லை. அதைச் சாட்சியாக விசாரிக்கலாம்; நீதிபதியாக உட்கார வைக்கக் கூடாது.

இங்கே கீதையை இழுப்பது வழக்கம்: கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே. ஆனால் பணி நியமனமும் பதவி உயர்வும் பலனை எண்ணியே நடக்கும் இடத்தில், ஆய்வாளரிடம் மட்டும் பற்றற்றிரு என்பது உபதேசம் அல்ல, தந்திரம். துறவு அங்கே முதலில் மதிப்பிடுபவருக்குத்தான் தேவை. காளத்திக் கதை இதைத்தான் சொல்கிறது. அங்கே பூசை செய்த சிவகோசரியார் கெட்டவர் அல்லர். அவர் கையில் இருந்த ஆகமமும் தவறானதல்ல. வேடரான கண்ணப்பர் படைத்த இறைச்சி சன்னதியில் கிடந்தால் விதிப்படி அது தீட்டு; தினமும் அதைக் கழுவிவிட்டுத் தம் பூசையைச் செய்தார். இறைவன் கனவில் வந்து ஆகமத்தை மாற்றவில்லை. ஒளிந்திருந்து பார் என்றார். தன் கண்ணைப் பெயர்த்து இறைவன் கண்ணில் அப்பும் அந்த வேடனை நேரில் கண்ட பிறகு, விதி சொல்லாததை அவர் தாமே அறிந்தார்.

இறைச்சி கொண்டுவருபவர் எல்லாரும் கண்ணப்பர் ஆகிவிட மாட்டார்கள். மேற்கோள் இல்லாதவர் எல்லாரும் ராய்சௌதுரி ஆகிவிட மாட்டார்கள். யார் எவர் என்பதை வெளியே இருந்து அளக்க வழியில்லை, பார்த்தே தீர வேண்டும். தேர்வுக் குழுவில் உட்காருபவர் விண்ணப்பதாரரின் சிறந்த இரண்டு கட்டுரைகளை முழுதாகப் படிக்கட்டும்; எண்ணை அதன் பிறகு பார்க்கட்டும். அதற்கு நேரமாகும் என்றால், அந்த நேரத்தைத் தருவதுதான் அவர் வேலை.