அமானிதமும் மஞ்சள் கடுதாசியும்



கடைக்காரர் ஒருவர் நொடித்துப்போவது நாம் அறியாத செய்தியன்று. அவருக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் வெள்ளிக்குக் கால் வெள்ளி கிடைத்தாலும் போதுமென்று வாங்கிக்கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்வர். லாபம் கண்டவர்கள் நஷ்டமும் காண்பது வியாபாரத்தின் இயல்பு. ஆனால் மஞ்சள் கடுதாசி கொடுப்பது ஒரு மருத்துவக் காப்புறுதிக் கம்பெனியாக இருந்தால், ஆண்டுக்கணக்காகப் பிரிமியம் கட்டி வந்தவரும் அவ்வாறே மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியவர்தாமா?

அவ்வாறன்று என்பதே நமது எண்ணம். சரக்கைக் கடனுக்குக் கொடுப்பவர் லாபத்தை எதிர்பார்த்துத் துணிகிறார். பிரிமியம் கட்டுபவரோ துணிய மாட்டாமல் கட்டுகிறார். ஆபத்தைத் தம்மால் தனியே தாங்க முடியாது என்பதற்காகவே அதைப் பிறர் கையில் ஒப்படைக்கிறார். ஒப்படைத்த அச்சுமையே அவர் தலையில் திரும்ப விழுமானால், அதை வியாபார நஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

அந்த நஷ்டம் எல்லோர் மீதும் சமமாக விழுவதுமில்லை. உடல்நலம் உள்ளவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். அவர் இழப்பது சில மாதப் பணம். நீரிழிவும் இருதய நோயும் வந்துவிட்டவரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ள யாரும் எளிதில் முன்வரார். அவர் இழப்பது தமது சிகிச்சையை. யாருக்காகக் காப்புறுதி ஏற்பட்டதோ, அவரையே அது நடுவழியில் விட்டுவிடுகிறது.

சரித்திரத்தைப் பார்ப்போம். சென்னை மவுண்ட் ரோட்டில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தைக் கண்டவர்கள் நம்மில் பலர். அக்கம்பெனியின் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் அதன் தலைவர் ராமகிருஷ்ண டால்மியா பங்குச் சூதாட்டத்தில் விட்டது 1955ஆம் ஆண்டு அம்பலமாயிற்று. பெரோஸ் காந்தி அதைப் பாராளுமன்றத்தில் எழுப்பினார். டால்மியாவின் சிறைத் தண்டனையை 1962இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 1956க்கு முந்திய பத்தாண்டுகளில் இந்தியாவில் 25 ஆயுள் காப்புறுதிக் கம்பெனிகள் மூடப்பட்டன. மேலும் 25 கம்பெனிகளின் வியாபாரம் பாலிசிதாரர்களுக்கு நஷ்டத்தோடு பிறர் கைக்கு மாறியது. நிதியமைச்சர் தேஷ்முக் இதை எடுத்துக்கூறித்தான் 1956இல் ஆயுள் காப்புறுதியை நாட்டுடைமையாக்கினார்.

கம்பெனி வீழ்வதற்கு மோசடிதான் வேண்டுமென்பதில்லை. அமெரிக்காவில் முதியோரின் நீண்டகாலப் பராமரிப்புக்குப் பாலிசி விற்ற பென் ட்ரீட்டி என்னும் கம்பெனி, தொடக்கத்தில் பிரிமியத்தை மிகக் குறைவாக வைத்தது. செலவு வளர்ந்தது, வரவு போதவில்லை. 2017 மார்ச்சில் அதைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏறத்தாழ 76,000 பேர் அதை நம்பியிருந்தனர். மற்றக் கம்பெனிகளிடம் பணம் திரட்டி, சட்டம் வைத்த வரம்புவரை அவர்களைக் காக்க வேண்டியதாயிற்று. ஆகவே மலிவும் சிலவேளை ஒரு பொய் வாக்குறுதியே!

நமது மலேசியாவில் நிலை என்ன? லைசென்ஸ் பெற்ற காப்புறுதிக் கம்பெனிகளுக்கும் தக்காஃபுல் நிறுவனங்களுக்கும் 2010 டிசம்பர் 31 முதல் பிடிம் என்னும் அரசு அமைப்பின் பாதுகாப்பு உண்டு. இறப்பு, கொடும்பிணி போன்றவற்றுக்கு 5 இலட்சம் ரிங்கிட் வரை அது பொறுப்பேற்கிறது. மருத்துவச் செலவும் அதில் அடங்கும். தக்காஃபுல் நிதியில் பற்றாக்குறை நேர்ந்தால், நடத்துபவர் தம் பணத்திலிருந்து வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து ஈடுசெய்ய வேண்டுமென்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர்கள் விற்கும் ‘மருத்துவ அட்டை’களுக்கு இப்பாதுகாப்பு ஏதும் இல்லை.

“பாதுகாப்பு இருக்கிறதே, பிறகென்ன கவலை? கம்பெனி போனாலும் யாரோ கொடுப்பார்கள்” என்பாரும் உளர். அந்த ‘யாரோ’ யார்? நேர்மையாக நடந்த மற்றக் கம்பெனிகளும் அவற்றில் பணம் கட்டுபவர்களுமே. நோயாளியைக் காக்க அவர்கள் சுமப்பது நியாயம். நமது அலட்சியத்துக்காகச் சுமப்பது நியாயமாகாது.

பேராக் மாநிலத்தார்க்கு இது புதிய பாடமல்ல. 1950களில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, முதலாளி கொடுத்த வீடும் மருந்தும் முதலாளியோடு போயின. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த வேதனையைக் கண்டுதான். அத்தோட்டத்து மக்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்று ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் நமது வாடிக்கைக்காரர்கள். நமது கடைகளில் வேலை செய்வோரும் அவர்களில் உண்டு.

இங்கேதான் பொறுப்பு நம் வாசலுக்கு வருகிறது. மருத்துவச் செலவின் ஏற்றத்தால் பிரிமியம் உயர்ந்து, 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு அந்த உயர்வை ஆண்டுகளுக்குப் பரப்பிவிடச் செய்ததை நாம் அறிவோம். இந்நிலையில், கடைச் சிப்பந்திகளுக்குக் காப்புறுதி எடுக்கும் முதலாளி எதைப் பார்க்கிறார்? விலையை மட்டுமா? சிப்பந்தி அந்தக் கம்பெனியின் பெயரைக்கூட அறியார். அவர் நம்புவது நம்மைத்தான். அப்படியானால் அவருடைய அமானிதம் கம்பெனியின் கைக்குப் போகுமுன் நம் கையில் இருக்கிறது.

நமது பள்ளிவாசல்களின் மரண உதவி நிதிக்கும் இதே கணக்குத்தான். இவ்வாண்டுச் சந்தாவிலேயே இவ்வாண்டுச் செலவை நடத்தி, இளையோர் சேராமல் முதியோர் மட்டும் மிஞ்சினால், முப்பது ஆண்டு கட்டியவரின் மையித்துக்குப் பெட்டியில் பணம் இராது. களவு ஏதும் நடந்திராது. ஆயினும் வாக்குத் தவறியிருக்கும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதிவைத்தால் போதாது, எழுதியதைக் கொடுக்கும் வகையையும் பேண வேண்டும். ஆகவே பாலிசியை எடுத்துப் பாருங்கள். விற்பவருக்கு லைசென்ஸ் உண்டா என்று கேளுங்கள். நிதிக் கணக்கை ஜமாஅத்தின் முன் ஆண்டுதோறும் படியுங்கள். கொடுக்க முடியாததைக் கொடுப்போமென்று சொல்லாதிருப்பதும் ஈமானின் ஒரு பகுதியே.

வல்ல நாயன் நம்மனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.