ஓய்ந்த கரமும் வெள்ளிப் பேழையும்



அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாரின் திருச்சரீரம் கோவாவில் பத்து ஆண்டுக்கொருமுறை தரிசனத்துக்கு வைக்கப்படுவதை அறிவீர்கள். சென்ற முறை 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை, செ கத்தீட்ரல் என்னும் மேற்றிராசனக் கோவிலில் வைத்திருந்தார்கள். மற்றக் காலங்களில் அது அருகிலுள்ள போம் ஜேசு ஆலயத்தில் இருக்கிறது. அங்குள்ள வெள்ளிப் பேழை 1636, 1637-ம் ஆண்டுகளில் கோவா தட்டார்கள் செய்தது. அதைத் தாங்கும் சலவைக்கல் மேடை இத்தாலியிலிருந்து டஸ்கனி பிரபு அனுப்பிய காணிக்கை, 1698-ல் நிறுவப்பட்டது.

“எலும்பையா கும்பிடுகிறீர்கள்?” என்று அயலார் கேட்பதுண்டு. ஆராதனை சர்வேசுரன் ஒருவருக்கே. அர்ச்சிஷ்டவர்களுக்கு நாம் செலுத்துவது வணக்கம். அவர்களுடைய சரீரம் இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயமாயிருந்தது; கடைசி நாளில் உத்தானமாகப் போவதும் அதே சரீரந்தான். ஆகையால் அவர்களுடைய திருப்பண்டங்களைத் திருச்சபை போற்றிக் காக்கிறது. பீடத்தை அபிஷேகம் செய்யும்போது அதனடியில் அவற்றை வைப்பதும் பழைய வழக்கம்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். வெள்ளியும் சலவைக்கல்லும் சவேரியார் கண்டவையல்ல. அவர் 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து, மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தம் கரங்கள் ஓய்ந்துபோகின்றன என்று ரோமைக்குக் கடிதம் எழுதினார். 1552 டிசம்பர் 3-ந் தேதி, சீனக் கரையோரத் தீவொன்றில், ஓலைக் குடிசையில் மரித்தார். அந்த வலக்கரத்தின் ஒரு பகுதியை 1614-ல் ரோமைக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அது அங்கே பொற்பூச்சுப் பேழையில் இருக்கிறது. 2018-ல் அது கனடாவுக்குப் போனபோது விமானத்தில் அதற்கென்று தனி இருக்கை வாங்கினார்களாம்!

உழைத்து ஓய்ந்த கரத்துக்கு இத்தனை மகிமை. நல்லது. அப்படியானால் நம் வீட்டுத் திண்ணையில் ஓய்ந்து கிடக்கும் கரத்துக்கு என்ன மரியாதை? தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்த கை அது. பூட்டு அராவித் தழும்பேறிய கை. விடியுமுன் பூக்கட்டி நம்மைப் படிக்கவைத்த கை. அதுவும் ஞானஸ்நானம் பெற்ற சரீரமே. அது நடுங்கிச் சோற்றைச் சிந்தினால் முகம் சுளிக்கிறோம். மரித்த பிறகோ கல்லறைக்குச் சலவைக்கல் பதித்து, நவம்பர் 2-ந் தேதி மாலையும் மெழுகுவர்த்தியும் கொண்டு ஓடுகிறோம்.

கோவாவுக்குப் போக வசதியுள்ளவர்கள் பக்தியோடு போய் வாருங்கள். போக முடியாதவர்கள் வருந்தவேண்டாம். வருகிற ஞாயிறு பூசைக்கு வீட்டுப் பெரியவரைக் கைபிடித்து அழைத்து வாருங்கள். படுத்த படுக்கையாயிருந்தால் சொல்லியனுப்புங்கள். தேவநற்கருணை கொண்டு நானே வருகிறேன். அந்தக் கரத்தை உயிரோடிருக்கும்போதே முத்தமிடுங்கள். சவேரியாருக்கு அதைவிடப் பிரியமான வணக்கம் வேறில்லை.

உங்கள் பங்குக் குரு