பிழை காணப்படவில்லை

ஒரு பிழை இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் தேடிப் பார்க்கிறார், காணவில்லை. அப்போது இல்லாமற்போவது பிழையா, அல்லது சொன்னவரின் சொல்லா? இந்தக் கேள்வியை நாங்கள் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. பழைய கார் ஒன்றின் பிறேக்கிலிருந்து எடுத்தோம்.

ரெஸ்ரோரண்ட் குசினிகளில் வேலைசெய்யும் நாலு பேர் சேர்ந்து வாங்கிய கார் அது. கடைசி பஸ்ஸும் போனபிறகுதான் எங்களுக்கு வேலை முடியும். சில இரவுகளில் மட்டும், சிவப்பு விளக்கில் காலை மெதுவாக வைத்தபடி நிற்கையில், பிறேக் மிதி கொஞ்சங் கொஞ்சமாகக் கீழே இறங்கும். கார் முன்னுக்கு நகரும். பதறிக் காலை எடுத்து ஓங்கி மிதித்தால் உடனே பிடிக்கும். கராஜில் விட்டோம். ஓங்கி மிதித்துப் பார்த்தார்கள், தேய்மானத்தை அளந்தார்கள், 'பிழை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதித் தந்தார்கள். இரண்டாம் முறையும் அதே வசனம். மூன்றாம் முறை போனபோது அவர்கள் காரைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார்கள்.

'காணப்படவில்லை' என்பது தேடியவரைப் பற்றிய வசனம். 'இல்லை' என்பது காரைப் பற்றிய வசனம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவுவதற்கு எந்தக் கருவியும் உதவாது. அந்தத் தாவலை நிகழ்த்துவது அதிகாரம்.

வேறொரு கராஜில் வேலைசெய்யும் வயதான ஒருவர் எங்களிடம் 'என்ன பிழை?' என்று கேட்கவில்லை. 'எப்ப வாறது?' என்று கேட்டார். சூட்டிலா, குளிரிலா? ஓடத் தொடங்கி எவ்வளவு நேரத்துக்குப் பிறகு? எங்களில் அதிகம் முறையிட்டவரையே ஓட்டவிட்டுத் தான் பக்கத்தில் இருந்தார். எஞ்சின் நன்றாகச் சூடானபின் காரை நிறுத்தி, மிதியில் காலை மெல்ல வைத்துக்கொண்டு காத்திருந்தார். மிதி இறங்கியது. வெளியே ஒரு சொட்டு ஒயிலும் ஒழுகவில்லை. மேலே குப்பியில் ஒயில் குறையவுமில்லை. மாஸ்ரர் சிலிண்டருக்கு உள்ளே ரப்பர் சீல் தேய்ந்திருந்தது. ஓங்கி மிதித்தால் ஒயிலின் அழுத்தமே அதன் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். மெல்ல மிதித்தால் தேய்ந்த விளிம்பைத் தாண்டி ஒயில் உள்ளுக்குள்ளேயே நழுவும். முதல் கராஜின் சோதனை பலமாக இருந்தது. அந்தப் பலமே பிழையை மறைத்தது.

தடயம் விடாத பிழைகள் இன்னும் உண்டு. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக்கூடாது; ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட மலைப்பாதையில் பிறேக்கை மிதித்தபடி இறங்கினால் அது கொதித்து ஆவிக் குமிழி வரும், மிதி பஞ்சாகும். ஆறியபின் எல்லாம் பழையபடி. காலையில் கராஜுக்குப் போகும்போது சாட்சி ஏற்கெனவே கரைந்து போயிருக்கும்.

தனியொருவரின் பிரமை என்று இதைத் தள்ளவும் முடியாது. 2010 பெப்ரவரியில் ரொயோட்டா நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 437,000 ஹைபிரிட் கார்களைத் திருப்பி அழைத்தது. மேடுபள்ளத்தில், வழுக்கும் தரையில், ஒரு கணம் மட்டும் பிறேக் பிடி தளர்கிறது என்று சாரதிகள் முறையிட்டிருந்தார்கள். அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் விசாரணையைத் தொடங்கியபோது அதன் கையில் இருந்தவை 124 முறைப்பாடுகள். கடைசியில் திருத்தப்பட்டது பிறேக்கை ஆளும் கணினி நிரல். அந்த 'ஒரு கணத்தை' முதலில் அறிந்தது கருவி அல்ல, மிதியில் இருந்த கால்.

கதிரையில் இருத்தி விசாரிக்கப்பட்டவர்களுக்கு இது எங்கே போகிறது என்று விளங்கும். அகதிக் கோரிக்கையை நிறுவும் பொறுப்பு கோருபவருடையதே ஆனாலும், உண்மையைக் கண்டறியும் கடமை இருவருக்கும் பொது என்று ஐ.நா. அகதிகள் உயர் ஆணையகத்தின் 1979 ஆம் ஆண்டுக் கைநூல் சொல்கிறது. உடலில் தழும்பு இல்லையென்பதால் சித்திரவதை நடக்கவில்லை என்று கொள்ளக்கூடாது என்கிறது 1999 இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை. ஆனாலும் விசாரணை அறையின் வெளிச்சத்தில், பகல் பத்து மணிக்கு, மிதியை ஓங்கி மிதித்துப் பார்ப்பதே இன்றும் நடைமுறை.

இதற்கு எங்களுக்குள் உலவும் புத்திமதி ஒன்று உண்டு: 'சிலநேரம் எண்டு சொல்லாதை தம்பி, எந்தநேரமும் எண்டு சொல்லு. அப்பத்தான் எடுபடும்.' விட்டுவிட்டு வந்த பயம் ஓயாத பயமாகிறது. தேடுபவர் ஓயாத பிழையைத் தேடி, காணாமல், பொய் என்று எழுதுகிறார். நம்பப்படாமை முதலில் பொய்யைக் கேட்டு வாங்குகிறது. பிறகு அதைக் காட்டியே தன்னை நியாயப்படுத்துகிறது. ஆகவே முறையிடுபவருக்கும் ஒரு கடமை உண்டு. 'சிலநேரம்' என்பதைச் 'சிலநேரம்' என்றே சொல்லும் துணிவு அது. ஆனால் அந்தத் துணிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

சொன்னதையெல்லாம் நம்பிப் பாகங்களை மாற்றிக்கொண்டே போகலாமா என்று கேட்பது நியாயம். கூடாது. இல்லாதவன் காசு வீணாகும். திருந்தியது என்ற பொய் நிம்மதி வேறு வரும். ஆனால் நம்புதல் தீர்ப்பு அல்ல. தேடலை நிறுத்தாமல் வைத்திருப்பதுதான் நம்புதல். வீணாக நம்பினால் ஒருமணி நேரம் போகும். வீணாக மறுத்தால் மஞ்சட் கடவையில் நிற்கும் பிள்ளை போகும்.

இந்தக் கணக்கு அதிகாரிகளுக்கு மட்டும் உரியதல்ல. பகலில் பகிடி விட்டுச் சிரித்துக் கோப்பை கழுவும் ஒருவர், சில இரவுகளில் கத்திக்கொண்டு எழும்புகிறார். 'நேற்றுச் சிரிச்சவனுக்கு இண்டைக்கு என்ன வருத்தம்?' என்று எங்கள் அறைகளிலும் கேட்கப்படுகிறது. அதுவும் ஒரு கராஜ் வசனந்தான்.

'பிழை காணப்படவில்லை' என்று எழுத வேண்டி வந்தால் எழுதட்டும். அதன் கீழே எப்போது தேடினேன், எங்கே தேடினேன், எப்படி மிதித்துப் பார்த்தேன் என்றும் எழுதட்டும். அந்த ஒரு வரி இருந்தால், அடுத்து வருபவர் மெல்ல மிதித்துப் பார்ப்பார்.